கவலை இறைத்த கிணற்றுக்கு மோட்டார் வந்த கதை: யார் இந்த ஜி.டி.நாயுடு? ரோபோ காலத்தில் அவர் ஏன் முக்கியம்?

ரோபோ வந்தால் வேலை போயிடுமா? கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இந்தக் கேள்வி இப்போது சாதாரணமாகக் கேட்கிறது. நெல் அறுக்க இயந்திரம், மருந்தடிக்க ட்ரோன், கதவில் பூ வேலை செதுக்க கணினி இயந்திரம் என ஒவ்வொன்றாக ஊருக்குள் வந்துவிட்டன. ஆனால் இது புதுக் கேள்வி இல்லை. மின்மோட்டார் வந்தபோதே எழுந்த கேள்விதான். அந்தக் காலகட்டத்தின் நாயகர்களில் ஒருவர் கோவை ஜி.டி.நாயுடு. அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

யார் இவர்?

கோபாலசாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிப்பு ஏறவில்லை. ஆனால் கையில் கிடைக்கும் எதையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆர்வம் மட்டும் அடங்கவே இல்லை.

அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. அதை வாங்கியே ஆக வேண்டும் என்று கோவை வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. முழுசாகக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டிப் பார்த்தார். அவருக்கு அதுதான் பாலிடெக்னிக்.

ஒரு பஸ்ஸில் தொடங்கிய பயணம்

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். பொள்ளாச்சி - பழனி வழித்தடம். டிரைவரும் அவரே. பிறகு யு.எம்.எஸ். நிறுவனம் நூற்றுக்கணக்கான பஸ்கள் ஓடும் அளவுக்கு வளர்ந்தது. மாட்டு வண்டியில் ஒரு நாள் ஆன பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. வண்டிக்காரர்களுக்கு அது அடிதான். அதே நேரம் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், பட்டறைக்காரர் என அதுவரை ஊரில் இல்லாத வேலைகள் முளைத்தன.

கிணற்று மேட்டில் என்ன மாறியது?

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கொண்டு வந்தார். தமிழக விவசாயத்தை மாற்றிய பெரிய விஷயம் இதுதான்.

அதற்கு முன் தண்ணீர் எப்படி வந்தது? கவலைதான். விடியும் முன்பே ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி, சரிவில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஒருவர் மாடு ஓட்ட, இன்னொருவர் மடை திருப்ப வேண்டும். நாள் முழுக்க இறைத்தாலும் கொஞ்ச நிலம்தான் நனையும். மின்சாரமும் பம்புசெட்டும் வந்த பிறகு, ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும் என்றானது. கிணற்றுப் பாசனத்தை நம்பி நெல்லும் கரும்பும் போடும் கள்ளக்குறிச்சி போன்ற பகுதிகளுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கவலை ஓட்டிய கைகளுக்கு வேலை போனதும் உண்மை. மோட்டார் காயில் கட்டுவது, பம்பு பழுது பார்ப்பது, போர்வெல் வேலை எனப் புதுத் தொழில்கள் வந்ததும் உண்மை. ஆனால் வேலை போனவருக்கே புது வேலை கிடைத்துவிடவில்லை. கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தவருக்குத்தான் கிடைத்தது. ரோபோ காலத்துக்கும் சிக்கல் இதே இடத்தில்தான் இருக்கிறது.

கைக்கு வந்தும் கைநழுவியவை

பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என அவர் பட்டியல் நீளம். 1941-ல் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ தர முடியும் என்றார். 1952-ல் 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகும் கார் தயாரானது. அரசு உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நின்றது.

படிப்பு விஷயத்தில் ஏன் சண்டை?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தார். பள்ளியே முடிக்காதவர் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொறியியலுக்கு 4 வருடம் தேவையில்லை, பட்டறையில் கை வைத்துக் கற்றால் 2 வருடமே போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். இயந்திரம் வேகமாக வரும்போது மனிதருக்குப் பயிற்சியும் வேகமாகக் கிடைக்க வேண்டும் என்பதே அந்தச் சண்டையின் சாரம்.

கள்ளக்குறிச்சிக்கு இதில் என்ன?

2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி இப்போது ஒரு திருப்பத்தில் நிற்கிறது. உளுந்தூர்பேட்டையில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணி ஆலை அமைக்க 2023-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. சொல்லப்பட்ட வேலைவாய்ப்பு 20,000. இன்னொரு பக்கம், புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலைஞர்கள், கணினி இயந்திரம் செதுக்கும் மலிவு விலைக் கதவுகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. கல்வராயன் மலை இளைஞர்கள் பலர் கூலி வேலைக்காக வெளி மாநிலங்களுக்குப் போகிறார்கள்.

தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரோபோட்டிக்ஸ் உள்ளிட்ட புதிய தொழில்நுட்பப் பயிற்சிக்கு ஏற்ப மேம்படுத்தும் திட்டம் இருக்கிறது. மலை கிராமத்துப் பையனும் பெண்ணும் அந்த வகுப்பறைக்கு வந்து சேர்கிறார்களா என்பதுதான் முக்கியம். பஸ் வசதி, விடுதி, வீட்டு வறுமை எல்லாம் இதில் அடங்கும்.

எல்லா இயந்திரமும் வேலையைப் பறிக்க வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கேரளாவில் 2018-ல் அறிமுகமான பேண்டிகூட் ரோபோ, பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்கும் கொடுமையைத் தவிர்க்க வந்தது. அந்த வேலை மனிதர் கையை விட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதை இயக்கும் வேலை, இதுவரை இறங்கியவருக்கே கிடைக்க வேண்டும்.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4-ல் காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. ஓட்டலில் தட்டு எடுத்த ஒரு கிராமத்து இளைஞர் பெரிய ஆளாக முடிந்தது, இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததால்தான். அந்த வாய்ப்பு கல்வராயன் மலை வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.