கைநாட்டுக்கு மதிப்புத் தந்தவர்

திருவனந்தபுரத்தில் ரேஷன் வாங்கப் போனாலும் இன்று விரலை வைக்கச் சொல்கிறார்கள். அந்த விரல் ரேகையை அரசாங்க வேலைக்கு முதன்முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் சர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வானியல் அறிஞரின் பேரன்.

1833-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1853-ல் வங்காளத்துக்கு உத்தியோகம் பார்க்க வந்தார். 1858-ல் ஜங்கிப்பூரில், சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். பின்னால் அவர் மறுக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு.

1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பென்ஷன்காரர்களிடம் ரேகை வாங்கினார். ஒருவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்க முடியாமற் போயிற்று. பத்திரப் பதிவிலும் சிறையிலும் இம்முறையைப் புகுத்தினார். மற்ற இடங்களுக்கும் பரவ வேண்டுமென்று எழுதிக் கேட்டார், மேலிடம் இசையவில்லை. மறு ஆண்டே ஊர் திரும்பினார்.

ஆனால் முயற்சியை விடவில்லை. தமது ரேகையையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பதிந்து ஒப்பிட்டார். மாறவேயில்லை. காரணம் தோலின் அமைப்பில் இருக்கிறது. ரேகையின் அச்சு மேல்தோலும் உள்தோலும் சேருமிடத்தில், தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. மேல்தோலின் அடி வரிசையில் புதிய உயிரணுக்கள் ஓயாமல் பிறந்து மேலே வர, பழையவை உதிர்கின்றன. ஆகவே சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் தேய்ந்த கொத்தனாரின் ரேகை, சில நாள் ஓய்வு கிடைத்தால் பழையபடியே திரும்பும். காயம் அடிவரை ஆழமாகப் பட்டால்தான் தழும்பு நிற்கும்.

1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு நிலையம் ஏற்பட்டது. அதைக் கண்ட பின், 1917-ல் ஹெர்ஷல் காலமானார். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் இன்று கைநாட்டு வைக்கிறோம்.