ஜான் பனியன்

செல்வமும் கல்வியும் குடிப்பிறப்பும் உடையோரே உலகில் நிலைபெறுவர் எனக் கருதுவார் உளர். அவற்றுள் ஒன்றும் இல்லாத ஓர் ஏழைத் தொழிலாளர், உள்ளத்து உறுதி ஒன்றையே துணையாகக் கொண்டு இறைவன் நெறியில் நின்று அழியாப் புகழ் எய்தினார். அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். ஒரே ஒரு வாக்குறுதி அளித்திருப்பின் அவர் எந்நாளும் வீடு திரும்பியிருக்கலாம். ஆயினும், அவ்வாக்குறுதியை அவர் அளித்தாரல்லர். அவரே ஜான் பனியன் என்னும் ஆங்கிலப் பெரியார்.

இங்கிலாந்து நாட்டில் பெட்போர்டு என்பது ஒரு நகரம். அதன் அருகே எல்ஸ்டோ என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் 1628-ஆம் ஆண்டு பனியனார் பிறந்தார். அவர் தந்தையார் தாமஸ் பனியன் என்பார், கன்னார் தொழில் செய்தவர். பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிட்டுக் கொடுத்து, அதனால் வரும் சிறு வருவாயைக்கொண்டு அவர் குடும்பத்தைப் புரந்து வந்தார். வறுமையிலும் அவர் தம் மைந்தரைப் பள்ளிக்கு அனுப்பினார். எழுதவும் படிக்கவும் கற்ற அளவில் பனியனாரின் பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னர் அவரும் தந்தையாரின் தொழிலையே மேற்கொண்டார்.

1644-ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துன்பம் தந்த ஆண்டாகும். அவ்வாண்டு ஜூன் திங்களில் அன்னையார் இறந்தார். அடுத்த திங்களில் உடன்பிறந்த தங்கை இறந்தாள். சின்னாட்களுள் தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். அக்காலத்தில் இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் பாராளுமன்றத்திற்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பதினாறு வயது நிரம்பும் தறுவாயில் இருந்த பனியனார், பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். ஒருமுறை, முற்றுகைப் போருக்குச் செல்லுமாறு அவர் பணிக்கப்பட்டார். வேறொரு வீரன், அவருக்குப் பதிலாகத் தான் செல்வதாக விரும்பிக் கேட்டுச் சென்றான். அங்கே காவல் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து அவன் உயிர் நீத்தான். தமக்கு வரவேண்டிய சாவு மற்றொருவனுக்கு வந்தது என்பதைப் பனியனார் பிற்காலத்தில் பலகால் நினைந்து உருகினார். ஆயினும், அந்நாளில் அவர் உள்ளம் மாறவில்லை. பொய்யாணையிடுதலும் வசைமொழி கூறுதலும் அவருக்கு இயல்பாயிருந்தன.

போரிலிருந்து திரும்பிய பின்னர் அவர் மணம் புரிந்துகொண்டார். மணமக்கள் இருவரிடத்தும் உண்ணுதற்கு ஒரு தட்டோ, ஒரு கரண்டியோ இல்லை. அம்மங்கை நல்லாள் கொண்டுவந்த சீர்வரிசை, இறந்துபோன அவள் தந்தை விட்டுச்சென்ற இரண்டு பத்தி நூல்களே. அவற்றைக் கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து படித்தனர். பனியனார் கோயிலுக்கு ஒழுங்காகச் செல்லலானார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின் அவர் ஊர்ப் பொதுவெளியில் கிட்டிப்புள் போன்ற ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். புள்ளை ஒருமுறை அடித்து, மறுமுறை அடிக்கக் கோலை ஓங்கிய அளவில், பாவத்தை விட்டு விண்ணகம் சேர்வாயோ, பாவத்தோடு நரகம் புகுவாயோ என ஒரு குரல் தம் நெஞ்சினுள் வினவக் கேட்டார். புள்ளை நிலத்திலேயே விட்டு, அவர் வானத்தை அண்ணாந்து நோக்கினார். எனினும், உடனே அவர் திருந்தினாரல்லர். இனித் தமக்கு மன்னிப்புக் கிட்டாது என எண்ணி, மீண்டும் அவ்விளையாட்டிலேயே ஈடுபட்டார். மற்றொருநாள் அவர் ஒரு கடையின் முன் நின்று வசைபாடியபோது, நல்லொழுக்கம் இல்லாதவள் எனப் பெயர் பெற்ற ஒருத்தியே அதனைப் பொறாது அவரைக் கடிந்தாள். நாணித் தலைகுனிந்த பனியனார் அன்றுமுதல் அத்தீய பழக்கத்தை ஒழித்தார்.

ஊரார் அவரைத் திருந்தியவர் எனப் போற்றினர். அவரும் அவ்வாறே எண்ணி மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. தொழிலின்பொருட்டு ஒருநாள் பெட்போர்டு நகருக்குச் சென்றவர், ஒரு வீட்டு வாயிலில் ஏழைப் பெண்டிர் சிலர் இளவெயிலில் அமர்ந்து பேசக் கேட்டார். தங்கள் குறைகளையும், இறைவன் தங்கள் உள்ளத்தில் செய்த அருட்செயலையும் அவர்கள் எளிய சொற்களால் கூறி இன்புற்றிருந்தனர். சமயப் பேச்சில் வல்லவராகத் தம்மைக் கருதியிருந்த பனியனாருக்கு அவர்கள் பேச்சின் பொருள் விளங்கவில்லை. தாம் ஒழுக்கத்தின் புறத்தோற்றத்தை மட்டும் பெற்றிருப்பதையும், அவர்கள் அதன் உயிரையே பெற்றிருப்பதையும் உணர்ந்தார். அவர்கள் வாயிலாக, அந்நகரின் சபைக்குக் குருவாயிருந்த ஜான் கிப்போர்டு என்பாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. கிப்போர்டும் முன்னாளில் மன்னர் படையில் தலைவராயிருந்து, தீநெறியில் உழன்று, பின்னர் மனம் திரும்பியவர்.

அதன் பின்னரும் பனியனார் எளிதில் அமைதி பெறவில்லை. தம் பாவம் மன்னிக்க இயலாதது என்னும் ஐயம் அவரை ஆண்டுக் கணக்கில் வருத்தியது. விவிலியத்தில் ஒரு சொல் அவரைத் தேற்றும். மற்றொரு சொல் அவரை நடுங்கச் செய்யும். ஒருநாள் வயல்வழியே நடந்து செல்லுகையில், தமக்குரிய நீதி தம் உள்ளத்து உணர்ச்சிகளில் இல்லை, விண்ணகத்தில் கிறிஸ்துவிடத்தில் உள்ளது என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. உணர்ச்சி ஏறினும் இறங்கினும் அந்நீதி ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை என அறிந்தபோது, காலில் பூட்டிய தளைகள் கழன்றாற்போல அவர் விடுதலை எய்தினார்.

தாம் பெற்ற இன்பத்தைப் பிறர்க்கும் எடுத்துரைக்க அவர் விழைந்தார். 1655-ஆம் ஆண்டளவில் அருளுரை ஆற்றத் தொடங்கினார். பட்டடையும் சம்மட்டியும் பிடித்த கையினரான அவருடைய எளிய பேச்சைக் கேட்க மக்கள் திரண்டு வந்தனர். 1658-ஆம் ஆண்டு அவர் மனைவி நான்கு மக்களை விட்டு இறந்தாள். அவர்களுள் மூத்தவளான மேரி என்பாள் பிறவியிலேயே கண்ணிழந்தவள். அடுத்த ஆண்டு, எலிசபெத் என்னும் நற்குண நங்கையை அவர் மணந்தார்.

1660-ஆம் ஆண்டு இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அரசாங்கத் திருச்சபையைச் சாராதார் தனியே கூடி வழிபடுதல் குற்றம் என்னும் பழைய சட்டம் மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள், பெட்போர்டு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பனியனார் அருளுரை ஆற்றச் சென்றார். அவரைச் சிறைப்படுத்த ஆணை பிறந்திருப்பதை அன்பர்கள் முன்னரே அறிவித்தனர். தப்பிச் செல்ல நேரமும் இருந்தது. தாம் அஞ்சி ஓடினால், புதிதாக இறைவழியில் வந்த எளியோர் உள்ளம் தளரும் எனக் கருதி, அவர் அங்கேயே நின்றார், சிறைப்பட்டார்.

மூன்று திங்கள் சிறை எனவும், அதன் பின்னும் உரையாற்றுவதை விடாவிடின் நாடு கடத்தப்படுவார் எனவும், ஒப்புதலின்றித் திரும்பி வரின் தூக்கிலிடப்படுவார் எனவும் நீதிபதிகள் தீர்ப்புரைத்தனர். இன்று விடுதலை செய்தால், இறைவன் அருளால் நாளையே மீண்டும் உரையாற்றுவதாகப் பனியனார் விடையிறுத்தார். மூன்று திங்கள் கழிந்தன. நகர அலுவலர் ஒருவர் வந்து அவருக்கு நயமாக அறிவுரை கூறினார். அவர் உறுதி குலையவில்லை. நாடு கடத்தப்படாவிடினும், சிறைக்கதவு அவருக்குத் திறக்கப்படவில்லை.

கணவர் சிறைப்பட்ட செய்தி கேட்டபோது எலிசபெத் கருவுற்றிருந்தாள். அதிர்ச்சியால் உரிய காலத்திற்கு முன்னரே பிறந்த குழந்தை இறந்தது. அத்துயரையும் தாங்கிக்கொண்டு அவ்வம்மையார் இலண்டன் மாநகர் சென்று பெருமக்களிடம் முறையிட்டாள். 1661-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகள் முன்னர், செல்வர் பலர் சூழ்ந்திருந்த மன்றத்தில், தன்னந்தனியாய் நின்று வழக்குரைத்தாள். தான் ஈன்றவையல்லாத நான்கு சிறு மக்களைத் தான் காத்து வருவதையும், அவர்களுள் ஒருத்தி கண்ணில்லாதவள் என்பதையும், நல்லோர் ஈகையன்றி வேறு வாழ்வில்லை என்பதையும் எடுத்துரைத்தாள். மாத்யூ ஹேல் என்னும் நீதிபதி இரக்கம் காட்டினார். உரையாற்றுவதைக் கணவர் விட்டுவிடுவாரோ என மன்றத்தார் வினவியபோது, பேச நாவுள்ளவரையில் அவர் விடத் துணியார் என அவள் அஞ்சாது மொழிந்தாள். வழக்கு வெற்றி பெறவில்லை. ஆயினும், கணவரின் உறுதியை விலையாகக் கொடுத்து அவரை மீட்க அப்பெண்மணி விரும்பவில்லை.

சிறைச்சாலையின் சுவர்களைவிட மக்களின் நினைவே பனியனாரை மிகுதியாக வருத்தியது. கண்ணில்லாத மேரி பசியாலும் குளிராலும் வருந்துவாளே, பிறரிடம் இரந்து நிற்பாளே என எண்ணுந்தோறும் அவர் நெஞ்சு பிளந்தது. தம் வீட்டைத் தாமே இடித்து மனைவி மக்கள்மேல் வீழ்த்துவதுபோல அவர் துன்புற்றார். ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். அச்சொல்லைச் சொன்னால், மெய்யென்று தாம் கண்டதைப் பொய்யென்று கூறியவராவார். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, மக்களை இறைவன் கையில் ஒப்புவித்தார். ஆயினும், தம் கடமையை மறந்தாரல்லர். ஆடையைக் கட்டுதற்குரிய நாடாக்களின் நுனியில் தகட்டுக் குப்பிகளைப் பொருத்தும் வேலையைச் சிறையிலிருந்தே செய்து, அவ்வருவாயால் குடும்பத்திற்கு உதவினார். உடனிருந்த கைதிகளுக்கு இறைவன் புகழை ஓதினார்.

ஒரு காலத்தில், தாம் தூக்கிலிடப்படக்கூடும் என்னும் அச்சமும் அவரைப் பற்றியது. சாவதற்கு அஞ்சினாரல்லர், தூக்குமரத்தின் ஏணியில் நிற்கையில் கால் நடுங்கினால், பகைவர் இறைநெறியை இகழ்வாரே என அஞ்சினார். அவ்வேளையில் இறைவன் தம்மைக் கைவிட்டாற்போன்ற வெறுமையும் அவர் உள்ளத்தைச் சூழ்ந்தது. ஆறுதலை வேண்டினார், அது வரவில்லை. அப்போது அவர் ஓர் உறுதி பூண்டார். ஆறுதல் அளிப்பதும் அளியாமையும் இறைவன் விருப்பம். அவன் சொல்லைக் கைவிடாது நிற்றல் தம் கடமை. விண்ணகம் கிட்டுமோ, நரகம் கிட்டுமோ, எதுவாயினும் அவன் பொருட்டே உயிர்விடுவதென அவர் துணிந்தார். பயன் கருதாத அத்துணிவு பிறந்த பின்னரே அவர் நாடிய அமைதி அவரை நாடி வந்தது.

சிறையில் அவருக்குத் துணையாயிருந்த நூல்களுள் தலையாயவை விவிலியமும், இறைநெறிக்காக உயிர் நீத்தோர் வரலாற்றைக் கூறும் பாக்ஸ் என்பாரின் நூலுமே. அங்கிருந்தே அவர் பல நூல்களை எழுதினார். தம் உள்ளப் போராட்டத்தை ஒளிவின்றி உரைக்கும் தன்வரலாற்று நூல் 1666-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1672-ஆம் ஆண்டு மன்னர் சமயக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தவே, பனியனார் விடுதலை பெற்று, பெட்போர்டுச் சபையின் குருவாகப் பணியாற்றினார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏறத்தாழ ஆறு திங்கள் சிறைப்பட்டார்.

பில்கிரிம்ஸ் பிராக்ரஸ் என்னும் அவருடைய தலைசிறந்த நூல் 1678-ஆம் ஆண்டு அச்சேறியது. அதனை அவர் சிறையிலேயே தொடங்கினார் என்பது அறிஞர் பலர் கருத்து. அஃது ஓர் உருவகக் கதை. கிறிஸ்தியான் என்பான், முதுகில் பெருஞ்சுமை தாங்கி, நாச நகரை விட்டு விண்ணகர் நோக்கிப் புறப்படுகின்றான். அவநம்பிக்கை என்னும் சேற்றில் வீழ்ந்து எழுகின்றான், சிலுவையின்முன் அவன் சுமை அவிழ்ந்து உருள்கின்றது, துன்பமலை ஏறுகின்றான், மாயச்சந்தையில் உயிர்த்தோழனை இழக்கின்றான். வழி தவறிய அவனை மனமுறிவு என்னும் அரக்கன் பிடித்து, ஐயக் கோட்டையில் அடைக்கின்றான். சில நாள் வருந்திய பின், இறைவன் வாக்கு என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது அவன் நினைவுக்கு வருகின்றது. அதனால் பூட்டுகளைத் திறந்து வெளியேறுகின்றான். இறுதியில் பாலமில்லாத சாவாற்றைக் கடந்து விண்ணகர் சேர்கின்றான். இக்கதையில் வரும் சேறும் மலையும் கோட்டையும் பனியனார் தம் வாழ்வில் கண்டறிந்தவை. அதனாலன்றோ கற்றோரும் கல்லாரும் அதனை ஒருங்கே விரும்பிப் போற்றினர்!

அந்நூல் உலகின் மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் தோன்றிக் கிறிஸ்துவ நெறி தழுவிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்கள், அதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தை 1894-ஆம் ஆண்டு தமிழுக்கு அளித்தார். கன்னாரின் சிறைக்கனவு இவ்வாறு கம்பர் நாட்டிலும் கவியாய் மலர்ந்தது.

1688-ஆம் ஆண்டு, தந்தை ஒருவருக்கும் மகனுக்கும் இடையே மூண்ட பகையைத் தீர்ப்பதற்காகப் பனியனார் ரெடிங் என்னும் ஊருக்குக் குதிரையேறிச் சென்றார். இருவரையும் ஒன்றுபடுத்தியபின் இலண்டனுக்குச் செல்லும் வழியில் கடுமழையில் நனைந்தார். அதனால் காய்ச்சலுற்று, ஆகஸ்டு 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் இலண்டனில் பன்ஹில் என்னும் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

வறுமையும் ஐயமும் சிறையும் மக்கட்பாசமும் ஒவ்வொன்றாக வந்து பனியனாரின் வழியை மறித்தன. அவர் எதனையும் விலகிச் சென்றாரல்லர். ஒவ்வொன்றின் ஊடேயும் நடந்தே இறைவனை அணுகினார். மெய்யென்று கண்டதை இன்பத்தின்பொருட்டும் துன்பத்தின்பொருட்டும் விடாதிருத்தலே அவர் வாழ்வு நமக்குக் காட்டும் நெறியாகும்.