பாட்டியின் மருந்துப் பெட்டியில் ஒரு விஞ்ஞானி

ஆங் மோ கியோவில் உள்ள எங்கள் வீவக வீட்டில், பாட்டியின் மருந்துப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. முடக்குவாதத்திற்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்; வேறொரு நாள் ஃபோலிக் அமிலம். வலி எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டால், வீங்கிய விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு பரவாயில்லை என்பார் பாட்டி.

உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் நான், அந்த இரண்டு மாத்திரைகளின் வரலாற்றையும் தேடினேன். இரண்டும் ஒருவரிடமே கொண்டுபோய் விட்டன. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. ஸ்புரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தார்.

1923இல் பாஸ்டன் சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாததை அளக்க வழி பிறந்தது. அந்த வழியில் சென்றுதான் தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபியை இருவரும் பிரித்தறிந்தனர்.

1940இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தானது. பின்னர், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றையும் அக்குழு உருவாக்கியது. பாட்டியின் பெட்டியில் ஒன்று நோயைத் தணிக்கிறது. மற்றொன்று அதன் பக்கவிளைவைக் குறைக்கிறது.

1948இல், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரின் முடக்குவாதத்திற்கும் உதவுகிறது என மருத்துவர்கள் எழுதியது 1951இல்தான். அதை அறிய அவர் இல்லை.

முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் நம் எதிர்ப்பு அணுக்கள் நம்மையே தாக்குகின்றன. அந்த அணுக்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு செயல்படுகின்றன என்பதை இன்று இரத்தத்திலிருந்தே அளக்கலாம். லூபஸ் கடுமையாக உள்ளவர்களிடம், இண்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் மிகையாகச் செயல்படுவதை 2003இல் ஆய்வாளர்கள் கண்டனர்.

பாட்டி மறைக்கும் வலியை அவருடைய அணுக்களே சொல்லும் நாள் வரலாம். அதுவரை, மருத்துவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் உடன் செல்கிறேன். மடியிலிருந்து அவர் கைகளை எடுத்து மருத்துவரிடம் காட்டுகிறேன்.