வருஷம் தெரியும், வாழ்க்கை தெரியுமா?



எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் மாதம் ஒருமுறை வருஷப் போட்டி வைப்போம். வேதாகமச் சம்பவங்களையும் சபைச் சரித்திரத்தையும் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுவேன். ஒரு குழு சீட்டை எடுத்து வாசிக்கும், அடுத்த குழு வருஷம் சொல்லணும். எருசலேம் தேவாலயம் ரோமரால் இடிக்கப்பட்டது? கி.பி. 70. நிசேயா சங்கம்? 325. சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் இறங்கியது? 1706. அசூசா தெரு எழுப்புதல்? 1906. சரியாக 200 வருஷம் என்று பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தஞ்சாவூர் ஸ்வார்ட்ஸ் ஐயர் மரித்தது? ஒரு தம்பி பட்டென்று 1798 என்றான். பத்து மார்க் போட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா, நடவுக்குப் போய்ப் பிழைக்கிறவர்கள், செத்த வருஷம் சரிதான் ஐயா, இருந்த வருஷமெல்லாம் என்ன செஞ்சாரு என்று கேட்டார்கள். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கிய எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. பரீட்சைக்கு வருஷத்தைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

அன்று ராத்திரியே புத்தகத்தை எடுத்தேன். 1726-ல் பிரஷ்யா தேசத்தில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்து, 1778-ல் தஞ்சாவூரில் குடியேறினார். விவாகம் செய்யவில்லை. 48 வருஷத்தில் ஒருதரம்கூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

1779-ல் சென்னை அரசாங்கம் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஹைதர் அலியிடம் சமாதானம் பேச அனுப்பியது. சமாதானம் நிலைக்கவில்லை. 1780-ல் யுத்தம் வந்தது. ஆனாலும் இந்தப் பாதிரியாரைத் தடுக்கக் கூடாதென்று ஹைதர் தன் சேனைக்குக் கட்டளை கொடுத்திருந்தார்.

அப்போது தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் செத்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. குடியானவர்கள் கொண்டுவரவில்லை. ஏன்? முன்னே அவர்களுடைய நெல்லையும் மாட்டையும் வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜாவின் வாக்கை யாரும் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் ஐயர், பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஆள் அனுப்பினார். ஓரிரு நாளில் 1,000 மாடுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. பேசினபடி ஒவ்வொருவருக்கும் பணத்தைக் கொடுத்து அனுப்பினார்.

பிற்பாடு கொடுமை தாங்காமல் ஊரை விட்டு ஓடிய குடியானவர்களில் 7,000 பேர் அவர் வாக்கை நம்பித் திரும்பி வந்து வயலில் இறங்கினார்கள். 1787-ல் துளஜா ராஜா மரணப்படுக்கையில் தன் சுவீகாரப் பிள்ளை சரபோஜியை இவரிடம்தான் ஒப்புவித்தார். திருநெல்வேலியிலிருந்து இவர் கூட்டிவந்து வளர்த்த சிறுவன்தான் வேதநாயகம் சாஸ்திரியார்.

1798 பிப்ரவரி 13-ல் ஐயர் மரித்தார். சரபோஜி கடைசிவரை தன் முன்னோரின் மதத்திலேயே இருந்தார். ஆனாலும் ஐயருக்காக இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். படுக்கையிலிருக்கும் ஐயரின் கையை ராஜா பிடித்திருக்கும் அந்தச் சிற்பத்தைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் பார்க்கலாம்.

வாசித்து முடித்தபோது என் இருதயம் குத்துண்டது. அந்தப் பாட்டியம்மா வீட்டுக்கு ஜெபிக்க வருகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு பாதிரியாரின் சொல்லுக்கு 80,000 கலம் நெல் வந்தது. என் சொல்லை நம்பி யார் ஒரு மரக்கால் அளப்பார்கள்? விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். இருவரும் முழங்காலில் நின்றோம்.

பிரியமானவர்களே, வருஷங்களைப் படியுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கூடவே, யாருக்குக் கொடுத்த வாக்கு உங்களிடம் பாக்கி நிற்கிறது என்றும் இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். கர்த்தர் உதவி செய்வாராக. ஆமென்.