விளக்கும் பதிவேடும்

நுழையும்முன்

‘கைவிளக்கேந்திய காரிகை’ என்று உலகம் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல், போர்க்கால மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. அதன்பின் அவர் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நெடுங்காலத்தின் பெரும்பகுதியை அவர் ஏடுகளுக்கும் எண்களுக்கும் அளித்தார். தன்னிடம் இறந்தவர்களின் எண்ணிக்கையையே சரியாக அறியாத ஓர் அமைப்பு, இறப்பைத் தடுக்க இயலாது என்பதை அவர் உணர்ந்த வரலாறே இப்பாடம்.

கணிதத்தை நாடிய இளமை

செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று இத்தாலி நாட்டில் தங்கியிருந்தபோது, 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிளாரன்ஸ் நகரில் அக்குடும்பத்தின் இரண்டாம் மகள் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தை வில்லியம் நைட்டிங்கேல் கல்வியில் பேரார்வம் கொண்டவர். மகளிர் இருவருக்கும் தாமே ஆசிரியராக இருந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் கற்பித்தார். இளைய மகளின் உள்ளமோ கணிதத்தை நாடியது. உயர்குடிப் பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று குடும்பத்தார் தயங்கினர். அவர் விடாது வற்புறுத்திக் கணிதமும் பயின்றார்.

அக்கால இங்கிலாந்தில் செவிலியர் பணி மதிப்புக் குறைந்த வேலையாகக் கருதப்பட்டது. அப்பணியை மேற்கொள்ள விரும்பிய நைட்டிங்கேலுக்குப் பல ஆண்டுகள் வீட்டாரின் இசைவு கிடைக்கவில்லை. அந்தக் காத்திருப்புக் காலத்தை அவர் வீணாக்கவில்லை. பொழுது புலருமுன் எழுந்து, பொதுச் சுகாதாரம் பற்றிய அரசு அறிக்கைகளையும் மருத்துவமனைகளின் அறிக்கைகளையும் படித்தார். படித்தவற்றைக் குறிப்பேடுகளில் தொகுத்தார். 1851இல் செருமனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்ற அவர், 1853இல் இலண்டனில் பெண்களுக்கான சிறிய மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பாளரானார்.

ஸ்குடாரி மருத்துவமனை

1854ஆம் ஆண்டு பிரிட்டன், பிரான்சு, துருக்கி ஆகிய நாடுகள் ஓரணியில் நின்று கிரீமியாவில் உருசியாவை எதிர்த்துப் போரிட்டன. காயமுற்றும் நோயுற்றும் வீழ்ந்த பிரிட்டானியப் படைவீரர்கள் கருங்கடலைக் கடந்து, துருக்கியின் ஸ்குடாரியில் இருந்த மருத்துவமனைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். அங்கு அவர்கள் படும் துயரத்தை இலண்டன் நாளிதழ் வெளியிட்டபோது நாடே கொதித்தது. போர்த்துறை அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட், தம் நண்பரான நைட்டிங்கேலை அங்குச் செல்லுமாறு வேண்டினார். 38 பெண்களுடன் புறப்பட்ட நைட்டிங்கேல், 1854 நவம்பர் 4ஆம் நாள் ஸ்குடாரியை அடைந்தார்.

துருக்கியப் படையினர் தங்கியிருந்த பழைய பாசறைக் கட்டடமே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. தாழ்வாரங்களிலும் நோயாளிகள் நெருக்கமாகக் கிடத்தப்பட்டிருந்தனர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காலரா முதலியன காயங்களைவிட விரைவாக உயிர்களைக் கொண்டுசென்றன. நோயாளிகள் சட்டையின்றிக் குளிரில் நடுங்கிய வேளையில், இங்கிலாந்திலிருந்து வந்த பொருள்கள் கிடங்கில் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்ததும் உண்டு. விதிப்படி குழு ஒன்று கூடிப் பார்வையிட்ட பின்னரே அவற்றைப் பிரிக்க முடியும். கிடங்கில் என்ன இருக்கிறது என்பதைக் கூடத்தில் இருந்தோர் அறியவில்லை. கூடத்தில் என்ன தேவை என்பது கிடங்கை எட்டவில்லை.

நைட்டிங்கேல் தம்மிடம் இருந்த நன்கொடைப் பணத்தைக் கொண்டு ஆடைகளும் பாத்திரங்களும் உணவுப் பொருள்களும் வாங்கினார்; சலவைக்கும் சமையலுக்கும் ஏற்பாடு செய்தார். இரவில் கையில் விளக்கேந்திக் கூடங்கள்தோறும் நடந்தார். வீரர்கள் இறந்தபோது அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதும் பணியையும் தாமே ஏற்றார்.

மூன்று ஏடுகள், மூன்று எண்கள்

இறந்தவர்களின் விவரங்களைத் தேடியபோது, அவருக்குப் பெரும் அதிர்ச்சி காத்திருந்தது. ஸ்குடாரியில் இறப்பைக் குறித்து மூன்று தனித்தனி ஏடுகள் பேணப்பட்டன. அடக்கம் செய்யப்பட்டோரின் பட்டியல் ஒன்று. மருத்துவ அலுவலர்களின் பட்டியல் மற்றொன்று. படை அலுவலகத்தின் பட்டியல் மூன்றாவது. மூன்றும் ஒரே மருத்துவமனையைப் பற்றியவை. ஆயினும் ஒன்றன் எண் மற்றொன்றோடு பொருந்தவில்லை. அடக்கம் செய்யப்பட்டவர்களுள் பல நூற்றுவரின் பெயர்கள் மருத்துவர் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

இதனை எழுத்தரின் கவனக்குறைவாகக் கருதி அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வோர் அலுவலரும் தமக்கு விதிக்கப்பட்ட ஏட்டைத் தம் முறைப்படி நிரப்பியே வந்தனர். அந்த ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு மட்டும் எவருக்கும் அளிக்கப்படவில்லை. எனவே, தவறு ஆட்களிடம் மட்டும் இல்லை. பதிவு முறையிலேயே இருக்கிறது என்று அவர் கண்டார். எத்தனை பேர் இறந்தனர் என்பதே தெரியாத இடத்தில், எதனால் இறந்தனர் என்பதை எவ்வாறு அறிவது? அதை அறியாமல் அடுத்து வருவோரை எவ்வாறு காப்பது? ஏட்டில் விடுபட்ட ஒவ்வொரு பெயரும் எங்கோ ஒரு வீட்டில் எதிர்பார்க்கப்படும் மகனின் பெயர் என்பதை, அவ்வீடுகளுக்குக் கடிதம் எழுதிய அவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

1855 மார்ச்சு மாதத்தில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு ஸ்குடாரிக்கு வந்தது. மருத்துவர் ஜான் சதர்லாந்து, பொறியாளர் இராபர்ட் ராவ்லின்சன் ஆகியோர் அதில் இடம்பெற்றிருந்தனர். கழிவுநீர்க் கால்வாய்கள் கழுவப்பட்டன. குடிநீர் வரும் வழி தூய்மையாக்கப்பட்டது. காற்றோட்டத்திற்கு வழி செய்யப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோருள் 100க்கு 42 பேருக்கு மேல் இறந்திருந்தனர். ஜூன் மாதத்தில் அந்த எண்ணிக்கை 100க்கு ஏறத்தாழ 2ஆகக் குறைந்தது.

எண்கள் கற்பித்த பாடம்

1856 ஆகஸ்டில் நைட்டிங்கேல் இங்கிலாந்து திரும்பினார். நாடு அவரை வீராங்கனையாகக் கொண்டாடக் காத்திருந்தது. அவரோ விழாக்களைத் தவிர்த்தார். மாண்டவர்களின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. அதே துயரம் மீண்டும் நேராமல் தடுப்பதே தம் கடமை எனக் கருதினார். அவ்வேளையில், பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமை அலுவலகத்தில் புள்ளியியல் பணியாற்றிய வில்லியம் ஃபார் என்பவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. இருவரும் போர்க்கால ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

அந்த ஆய்வு நைட்டிங்கேலின் கருத்தையே மாற்றியது. உணவும் உடையும் பற்றாமையும், வீரர்கள் காலங்கடந்து மருத்துவமனைக்கு வந்தமையுமே பேரிறப்புக்கு முதன்மைக் காரணங்கள் எனப் போர்க்காலத்தில் அவர் எண்ணியிருந்தார். மருத்துவமனையின் நெரிசலும் கழிவுநீரும் மாசடைந்த காற்றுமே வீரர்களின் உயிரை மிகுதியாகக் குடித்தன என்பதை இப்போது எண்கள் காட்டின. போர்முனையில் இருந்த சிறிய மருத்துவமனைகளைவிட, தாம் இரவும் பகலும் பாடுபட்ட ஸ்குடாரியில்தான் இறப்பு மிகுந்திருந்தது என்பதையும் அவர் காண நேர்ந்தது. அந்த உண்மை கசப்பானது. ஆயினும் அவர் அதை மறைக்க முயலவில்லை. அன்பும் உழைப்பும் மட்டும் நோயாளியைக் காப்பதில்லை. எங்கே தவறு நிகழ்கிறது என்பதை உடனுக்குடன் உணர்த்தும் பதிவும் வேண்டும் என்பதே அவர் பெற்ற பாடம்.

வண்ண வரைபடம்

அவருடைய இடைவிடாத முயற்சியால், 1857இல் படையினரின் உடல்நலத்தை ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. சிட்னி ஹெர்பர்ட் அதன் தலைவரானார். பெண் என்பதால் நைட்டிங்கேல் அதில் உறுப்பினராக இயலவில்லை. எனினும் ஆணையத்திற்கு வேண்டிய சான்றுகளையும் அட்டவணைகளையும் திரட்டி அளித்தவர் அவரே. போர் இல்லாத காலத்திலும், நாட்டினுள்ளேயே பாசறைகளில் வாழ்ந்த படைவீரர்களின் இறப்பு வீதம், அதே வயதுடைய பொதுமக்களின் இறப்பு வீதத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு என்பதை அந்த அட்டவணைகள் வெளிப்படுத்தின.

நீண்ட அட்டவணைகளை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, 1858இல் வண்ண வரைபடம் ஒன்றை உருவாக்கினார். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குரிய பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்தார். தடுக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த இறப்பை நீல நிறமும், காயங்களால் நேர்ந்த இறப்பைச் சிவப்பு நிறமும், பிற காரணங்களால் நேர்ந்த இறப்பைக் கறுப்பு நிறமும் குறித்தன. மலரின் இதழ்போல் விரிந்த நீலப்பரப்பின் அருகே சிவப்புப் பரப்பு மிகச் சிறியதாய்த் தோன்றியது. பகைவரின் குண்டுகளைவிடத் தம் படையின் சீர்கேடே வீரர்களைப் பெருமளவில் கொன்றது என்பதைக் கண்ணுற்ற எவரும் மறுக்க இயலவில்லை. அதே ஆண்டில் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ஆணையத்தின் பரிந்துரைகளால் பாசறைகள் சீரமைக்கப்பட்டன. படை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இறப்பையும் நோயையும் முறையாகப் பதியும் புள்ளியியல் பிரிவு ஒன்றும் படை மருத்துவத் துறையில் உருவாயிற்று.

ஒரே படிவம்

படையில் கண்ட குறையைப் பொது மருத்துவமனைகளிலும் நைட்டிங்கேல் கண்டார். இலண்டன் மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பதிவு முறையைக் கொண்டிருந்தன. ஒரே நோய் வெவ்வேறு பெயர்களால் குறிக்கப்பட்டது. இந்நிலையில் எந்த மருத்துவமனையில் நோயாளிகள் மிகுதியாகக் குணமடைகின்றனர் என்பதை ஒப்பிட்டறிய வழியில்லை. ஆகவே எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான படிவங்களை, ஃபாரின் நோய் வகைப்பாட்டைப் பின்பற்றி அவர் வகுத்தார். எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் இறந்தனர், எத்தனை நாள் தங்கினர் என்பன அனைத்தும் ஒரே முறையில் பதியப்பட வேண்டும் என்றார். 1860இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு அத்திட்டத்தை ஏற்றது. இலண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில, படிவங்களைப் பயன்படுத்திப் பார்க்கவும் முன்வந்தன.

அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. படிவங்களை நிரப்பக் காலமும் பணமும் மிகுதியாகத் தேவைப்பட்டன. நோய் வகைப்பாட்டை மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. புதிய முறை எத்துணை நல்லதாயினும், அதை அன்றாடம் கையாள்வோருக்கு எளியதாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இத்தோல்வி உணர்த்தியது. எனினும் ஒரே படிவம், ஒரே பெயர், ஒரே கணக்கு என்னும் அவருடைய கொள்கை பின்னாளில் உலகெங்கும் மருத்துவப் பதிவின் அடிப்படையாயிற்று.

இந்தியாவுக்கு வந்த வினாப்படிவம்

1859இல் இந்தியாவில் இருந்த படையினரின் உடல்நலத்தை ஆராய மற்றோர் அரச ஆணையம் அமைந்தது. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. தேவையான விவரங்கள் இலண்டன் அலுவலகங்களிலும் இல்லை. ஆதலால் வினாப்படிவம் ஒன்றைத் தயாரித்து, இந்தியாவின் படைநிலையங்களுக்கு அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே செல்கிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பன போன்ற வினாக்களுக்கு விடைகள் கட்டுக்கட்டாக வந்து குவிந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, இந்தியாவில் பிரிட்டானிய வீரர்கள் ஆண்டுதோறும் 1000க்கு 69 பேர் வீதம் இறந்துவந்தது வெளிப்பட்டது. 1863இல் அறிக்கை வெளியாயிற்று. அதன் பயனாகச் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் நிறுவப்பட்டன. பத்தாண்டுகளுக்குப்பின் அந்த இறப்பு வீதம் 1000க்கு 18ஆகக் குறைந்திருந்தது. படைவீரர்களின் நலனில் தொடங்கிய அவருடைய கவனம், பின்னர் இந்திய மக்களின் குடிநீர், பாசனம், பஞ்சம் ஆகியவற்றை நோக்கியும் விரிந்தது.

அணையாத விளக்கு

கிரீமியாவில் பற்றிய நோய் நைட்டிங்கேலை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. இத்தனை பணிகளையும் அவர் பெரும்பாலும் தம் அறையிலிருந்தும் படுக்கையிலிருந்துமே ஆற்றினார். 1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் அவருடைய பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. ஆட்சியாளர்கள் புள்ளியியலைக் கற்றிருக்க வேண்டும் என விரும்பிய அவர், ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் அதற்கெனப் பேராசிரியர் பதவி ஏற்படுத்த முயன்றார். அது அவர் காலத்தில் கைகூடவில்லை. 1907இல் பிரிட்டனின் உயரிய ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்டது, அப்பெண் அவரே.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தமது 90ஆம் வயதில் நைட்டிங்கேல் இயற்கை எய்தினார். நாட்டின் பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய வந்த வாய்ப்பைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஊர்ப்புறத் தேவாலயம் ஒன்றின் அருகே அவர் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் ஏந்திய விளக்கின் ஒளி, அன்று ஒரு கூடத்தில் கிடந்தோருக்கு ஆறுதல் தந்தது. அவர் திருத்திய பதிவேடுகளோ, அவர் ஒருபோதும் கண்டிராத எண்ணற்றோரின் உயிரைக் காத்தன. இன்று மருத்துவமனையில் நோயாளியின் பெயரும் நோயும் நாளும் ஒழுங்காகப் பதியப்படும்போதெல்லாம் அந்த விளக்கு மீண்டும் ஏற்றப்படுகிறது.