மெட்டல் டிடெக்டர் இருந்தும் நகர மன்றத்துக்குள் துப்பாக்கி நுழைந்தது எப்படி? யார் இந்த ஹார்வி மில்க்?

அரசு அலுவலகத்துக்குப் போனால் வாசலிலேயே மெட்டல் டிடெக்டர், பை சோதனை எல்லாம் இருக்கும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவராக இருந்தாலும் அதை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆனா, இதெல்லாம் இருந்தும் 1978-ல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்குள் ஒரு ரிவால்வர் போனது. மேயர் உட்பட இரண்டு உயிர்கள் பறிபோயின. அதில் ஒருவர்தான் ஹார்வி மில்க். யார் இவர்? விரிவாகப் பார்க்கலாம்.

கேமரா கடைக்காரர்

1930 மே 22-ம் தேதி நியூயார்க் மாநிலத்தின் உட்மியரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மில்க். கடற்படையில் பணியாற்றினார், ஆசிரியராக இருந்தார், வால் ஸ்ட்ரீட்டிலும் வேலை பார்த்தார். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்பதைப் பல வருஷம் வெளியில் சொல்லாமலேயே வாழ்ந்தார்.

1972-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடியேறியவர், அடுத்த வருஷம் காஸ்ட்ரோ தெருவில் ஒரு கேமரா கடை போட்டார். கடையில் வியாபாரத்தைவிட அரசியல்தான் அதிகம் நடந்தது. லாரி ஓட்டுநர் சங்கம் ஒரு பீர் நிறுவனத்தைப் புறக்கணித்தபோது, தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்களிலும் அந்த பீரை நிறுத்த வைத்தார். இதனால் தொழிற்சங்கங்களின் ஆதரவும் கிடைத்தது.

3 தோல்வி, ஒரு வெற்றி

1973, 1975, 1976 என மூன்று தேர்தல்களிலும் தோல்விதான். 1977-ல் நகரம் வார்டு வாரியாகப் பிரிக்கப்பட்டு தேர்தல் நடந்தபோது ஜெயித்தார். நம்ம ஊர் கவுன்சிலர் மாதிரியான பதவி அது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு கலிஃபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் நபர் இவர்தான்.

கொலை மிரட்டல்கள் வந்துகொண்டே இருந்தன. தான் சுட்டுக் கொல்லப்பட்டால் மட்டும் போட்டுக் கேட்கணும் என்று ஒரு ஒலிநாடாவைப் பதிவு செய்து வைத்தார்.

பதவியில் இருந்தபோது, தன்பாலீர்ப்பாளர்களை வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. போட்டவர் சக உறுப்பினரான டான் வைட்.

ஜன்னல் வழியாக வந்த ரிவால்வர்

டான் வைட் முன்னாள் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர். சம்பளம் போதவில்லை என்று 1978 நவம்பர் 10-ம் தேதி ராஜினாமா செய்தார். சில நாளிலேயே பதவியைத் திரும்பக் கேட்டார். மேயர் ஜார்ஜ் மாஸ்கோன் முதலில் சம்மதித்து, பிறகு மறுத்துவிட்டார். திரும்ப எடுக்கக் கூடாது என்று சொன்னவர்களில் மில்க்கும் ஒருவர்.

நவம்பர் 27. வாசலில் மெட்டல் டிடெக்டர் இருப்பது வைட்டுக்கு நல்லாவே தெரியும். .38 ரிவால்வர், கூடுதல் தோட்டாக்களோடு அடித்தள ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். மேயரைச் சுட்டார். மறுபடியும் தோட்டா நிரப்பிக்கொண்டு கட்டடத்தின் மறுபக்கம் போய் மில்க்கைச் சுட்டார். மில்க்குக்கு வயது 48. பதவியேற்று 11 மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது என்னன்னா, வாசலில் இருந்த கருவி பழுதாகவில்லை. கட்டடத்தை நன்கு அறிந்த, முகம் தெரிந்த ஒருவர் அந்த வாசலுக்கே வரவில்லை. ஜன்னல் வழியாக வந்ததைக் கவனித்த ஊழியரும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை.

தீர்ப்பும் மாற்றமும்

ஜன்னல் வழியாக வந்ததும், கூடுதல் தோட்டா வைத்திருந்ததும் திட்டமிட்ட கொலை என்பதைக் காட்டுவதாக அரசுத் தரப்பு வாதிட்டது. மன அழுத்தம் என்றது எதிர்த்தரப்பு. 1979 மே மாதம், கொலைக்குற்றத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த குற்றத்தின் கீழ் 7 வருஷம் 8 மாதம் தண்டனை கிடைத்தது. அன்று இரவே நகரில் கலவரம் வெடித்தது. சுமார் 5 வருஷத்தில் வெளியே வந்த வைட், 1985-ல் தற்கொலை செய்துகொண்டார். வைட் தரப்பு பயன்படுத்திய அந்த வாதத்துக்கான சட்ட வழியை கலிஃபோர்னியா பின்னர் நீக்கியது.

மில்க்கின் உடலை முதலில் பார்த்தவர் டயான் ஃபைன்ஸ்டீன். அடுத்த மேயரான அவர், பிறகு செனட்டராகி 1994-ல் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை கொண்டுவந்தார். அந்தத் தடை 2004-ல் காலாவதியானது.

2009-ல் மில்க்குக்கு அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. இன்று சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு ஹார்வி மில்க்கின் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது.