பீப்பாக்களுக்கு நடுவே 47 ஆண்டுகள்

கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் கல்லூரியின் பெயருக்குரியவர், செபமும் வேலையும் சேர்ந்ததே துறவு வாழ்க்கை என்று ஒழுங்கு வகுத்த புனிதர். அந்த ஒழுங்கின்படி வாழ்ந்த ஒரு பிரெஞ்சுத் துறவியின் பெயர் இன்று விலையுயர்ந்த ஷாம்பேன் போத்தல்களில் ஒட்டப்பட்டிருக்கிறது. தொம் பெரிஞோன். நுரைக்கும் ஷாம்பேனைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பது பலரும் கேட்ட கதை. அது உண்மையில்லை. அவர் செய்தது வேறு வேலை.

பியேர் பெரிஞோன் 1630களின் இறுதியில் வடகிழக்குப் பிரான்சில் பிறந்தார். இளம் வயதிலேயே வெர்தன் நகரத் துறவு மடமொன்றில் சேர்ந்தார். 1668 இல், ஏறத்தாழ முப்பது வயதில், ஷாம்பேன் பகுதியிலுள்ள ஓவில்லேர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். மதப்போர்களும் உள்நாட்டுக் கலவரமும் மாறி மாறி மிதித்துப்போன பகுதி அது. மடம் சிதைந்து கிடந்தது. வரவு செலவு, களஞ்சியம், திராட்சைத் தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. வைன் விற்றால்தான் மடம் எழும்பும். அவருடைய காலத்தில் மடத்தின் தோட்டங்கள் இரு மடங்காகின.

மடத்துக்குச் சொந்தத் தோட்டப் பழம் மட்டும் வரவில்லை. சுற்றுக் கிராமங்கள் வரியாகச் செலுத்திய பழங்களும் வந்து குவிந்தன. ஒரு சரிவில் விளைந்தது புளிப்பு, இன்னொன்றில் விளைந்தது இனிப்பு. எல்லாவற்றையும் கண்டபடி ஒன்றாகப் பிழிந்தால் வைன் கெட்டுவிடும். இன்று சிறிய வைன் தயாரிப்பாளர்கள் தங்கள் முதல் சிவப்பு வைனை முடிவு செய்யும்போது பீப்பாவுக்குப் பீப்பா மாதிரி எடுத்து, அளந்து கலந்து, ருசித்துப் பார்ப்பார்கள். கொழும்பில் தேயிலை ருசிபார்ப்பவர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். பெரிஞோனோ பழத்திலேயே தொடங்கிவிட்டார். கூடைகளிலிருந்து எடுத்த பழங்களை இரவு முழுவதும் ஜன்னலோரம் வைத்து, காலையில் வெறும் வயிற்றில் ருசிபார்த்து, எதை எதனோடு சேர்ப்பது என்று தீர்மானிப்பாராம். எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்கமாட்டாராம். அவர் பார்வையற்றவர் என்ற கதை இதிலிருந்துதான் முளைத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் குளிர்ப் பிரதேசத்துச் சிவப்பு வைன், தெற்கே இருந்த பர்கண்டியின் சிவப்பு வைனோடு போட்டிபோட முடியாமல் திணறியது. எனவே கறுப்புத் திராட்சையை மிதிக்காமல், மெதுவாகப் பிழிந்து, தோலின் நிறம் இறங்குமுன் சாற்றைப் பிரித்து, தெளிந்த வெள்ளை வைன் எடுப்பதில் அவர் கவனம் செலுத்தினார். கொடிகளைக் குட்டையாகக் கத்தரிக்கவேண்டும். அறுவடை காலைக் குளிரில் நடக்கவேண்டும். நசுங்கிய பழத்தை ஒதுக்கிவிடவேண்டும். இவையெல்லாம் அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விதிகள்.

நுரை அவருக்குத் தொல்லை. குளிர்காலத்தில் பாதியில் நின்ற நொதிப்பு, வசந்தத்தில் போத்தலுக்குள் மீண்டும் தொடங்கும். போத்தல்கள் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்திலுள்ளவையும் சேர்ந்து சிதறும். வைனில் சீனி சேர்த்து நுரைக்கச் செய்யும் முறையை இங்கிலாந்தில் கிறிஸ்தோபர் மெரே என்ற மருத்துவர் 1662 இலேயே எழுதிவைத்திருந்தார். பெரிஞோன் அப்போது ஓவில்லேருக்கு வந்துகூடச் சேரவில்லை.

பிறகு எப்படி அந்தக் கதை வந்தது? பிரெஞ்சுப் புரட்சியில் மடம் மூடப்பட்டது. துறவிகள் சிதறிப்போனார்கள். அவர்களில் ஒருவரான தொம் குரோசார், 1821 இல் எழுதிய ஒரு கடிதத்தில் பெரிஞோனை நுரையின் கண்டுபிடிப்பாளராக ஆக்கினார். இடம்பெயர்ந்துபோன ஒருவர் தன்னுடைய அழிந்த வீட்டைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கதையை வியாபாரம் எடுத்துக்கொண்டது. நட்சத்திரங்களைக் குடிப்பதாக அவர் சொன்னார் என்ற புகழ்பெற்ற வசனமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி விளம்பரம் ஒன்றில் தோன்றியதுதான். 1936 இல் மோயே எ ஷாந்தோன் நிறுவனம் அவருடைய பெயரிலேயே ஷாம்பேனைச் சந்தைக்கு விட்டது.

பெரிஞோன் 1715 செப்டெம்பரில் இறந்தார். மன்னர் 14ஆம் லூயி இறந்ததும் அதே மாதம்தான். 47 ஆண்டுகள் ஒரே மடத்தில், ஒரே பொறுப்பில் இருந்தவரை ஓவில்லேர் கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல் இன்றும் அங்கே இருக்கிறது.